முற்பகலில் நடுங்கும் கைகளும் பையில் இருக்கும் மிட்டாயும்

கேள்வி: எனக்கு வயது 23. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. காலை எட்டு மணிக்குச் சர்க்கரை போட்ட காபியும் இரண்டு மூன்று பிஸ்கட்டும் மட்டும் சாப்பிடுகிறேன். மதிய உணவுக்கு இரண்டு மணி ஆகிவிடுகிறது. நான்கு மாதங்களாக முற்பகல் பதினொரு மணி வாக்கில் கை நடுங்கி, வியர்த்து, நெஞ்சு படபடக்கிறது. எதிரில் இருப்பவர் பேசுவது மனதில் பதிவதில்லை. ஒரு மிட்டாயை வாயில் போட்டால் பத்து நிமிடங்களில் சரியாகிறது. ஆனால், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வருகிறது. அப்பாவுக்கு நீரிழிவு இருப்பதால் அவருடைய குளுக்கோமீட்டரில் ஒருநாள் பார்த்தேன். 64 என்று காட்டியது. எனக்கு நீரிழிவு கிடையாது. அன்றாட உணவை வைத்தே இதைச் சமாளிக்க முடியுமா? பின்னாளில் இது நீரிழிவாக மாறுமா? எந்நேரமும் பையில் மிட்டாய் வைத்திருக்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி 64 என்ற எண்ணைப் பற்றியது அன்று, மிட்டாய் சாப்பிட்டதும் சரியாகி, ஒரு மணி நேரத்தில் தொல்லை திரும்ப வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. உங்கள் முற்பகல் நேரத்தைக் கெடுப்பது அந்தச் சுழற்சியாகவே இருக்கலாம் என்று கருதுகிறேன். அப்படி இருந்தால் அன்றாட உணவை மாற்றியே பெருமளவு சரிசெய்ய முடியும். ஆனால், அதற்கு முன் இது உண்மையிலேயே ரத்தச் சர்க்கரை தாழ்வதால் வருகிறதா என்பதை உறுதிசெய்துகொள்வது அவசியம். ஒரே ஒரு முறை பார்த்த அளவு அதற்குப் போதாது.

இரவு முழுவதும் சாப்பிடாமல் இருந்து காலையில் பார்க்கும்போது 100 மி.லி. ரத்தத்தில் சர்க்கரை 70 முதல் 99 மி.கி. வரை இருப்பதை இயல்பு என்கிறோம். இன்சுலினோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களுக்கு 70க்குக் கீழ் இறங்கினாலே எச்சரிக்கை. அந்த மருந்துகள் எதையும் எடுக்காத உங்களைப் போன்றவர்களுக்கு அளவுகோல் வேறு: 55க்குக் கீழ் இறங்கி, அந்த நேரத்தில் அறிகுறிகளும் இருந்தால்தான் அதைத் தாழ்சர்க்கரை என்று மருத்துவர்கள் உறுதியாகக் கொள்வார்கள். மேலும், வீட்டில் பயன்படுத்தும் குளுக்கோமீட்டர்களுக்கான பன்னாட்டுத் தர விதியே, 100க்குக் கீழான அளவுகளில் 15 மி.கி. வரை கூடவோ குறையவோ காட்டுவதை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே நீங்கள் பார்த்த 64, உண்மையில் 79 ஆகவும் இருந்திருக்கலாம். 49 ஆகவும் இருந்திருக்கலாம். முதலாவது இயல்பு; இரண்டாவது கவனிக்க வேண்டியது.

அலன் விப்பிள் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1930களில் வகுத்துத் தந்த மூன்று நிபந்தனைகளைத்தான் நாங்கள் இன்றும் பின்பற்றுகிறோம். அறிகுறிகள் இருக்க வேண்டும். அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்திருக்க வேண்டும். சர்க்கரை உயர்ந்ததும் அறிகுறிகள் மறைய வேண்டும். உங்களிடம் முதலாவதும் மூன்றாவதும் இருக்கின்றன. இரண்டாவதுதான் தெளிவாகவில்லை. எனவே அடுத்த முறை நடுக்கம் தொடங்கும்போது, மிட்டாயைத் தொடுவதற்கு முன் அளந்து பாருங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு அளக்க வேண்டும். விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறோ இனிப்புத் துகளோ அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டிவிடும். அப்பாவின் மீட்டரைப் பயன்படுத்துவதாக இருந்தால், விரலில் குத்தும் ஊசியையும் அதைப் பொருத்தும் பேனாவையும் மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே குடும்பம் என்றாலும் அவற்றைப் பகிரக் கூடாது. ரத்தத்தின் வழியே பரவும் மஞ்சள் காமாலை வைரஸ்களுக்கு அந்தச் சிறு துளி போதுமானது.

இப்போது உங்கள் காலைப்பொழுதைப் பார்ப்போம். உடல் முழுவதும் ஓடும் ரத்தத்தில் ஒரு நேரத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 4 முதல் 5 கிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. மூளைக்கோ ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் தேவைப்படுகிறது. இந்த இடைவெளியை நிரப்புவது கல்லீரல். சாப்பிட்ட வேளையில் ஏறத்தாழ 100 கிராம் வரை கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்து, சாப்பிடாத வேளையில் கொஞ்சம் கொஞ்சமாக அது விடுவிக்கிறது. சர்க்கரை 80க்கு அருகில் இறங்கும்போதே கணையம், சர்க்கரையை இறக்கும் இன்சுலினைக் குறைத்துவிடும். 70க்கும் கீழே போனால் குளுக்ககான், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் சுரந்து கல்லீரலை முடுக்கும். நீங்கள் உணரும் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் அந்த அட்ரினலினின் வேலை. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது என்பதால், படபடப்பு வந்தவுடனே ஏதோ பேராபத்து நேர்ந்துவிட்டதாகப் பதற வேண்டாம். கவனம் சிதறுவது, பேச்சுக் குழறுவது, குழப்பம் ஆகியவை மூளைக்குக் குளுக்கோஸ் போதவில்லை என்பதன் அடையாளங்கள். அவை அளவு இன்னும் கீழே போகும்போது வருபவை. எதிரில் பேசுபவர் சொல்வது பதிவதில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான், அறிகுறி இருக்கும்போதே அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

இரவு உணவுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கல்லீரலின் சேமிப்பு ஓரளவு குறைந்திருக்கும் வேளையில், நீங்கள் சர்க்கரை கலந்த காபியையும் மைதாவும் சர்க்கரையும் சேர்ந்த பிஸ்கட்டையும் மட்டும் உள்ளே அனுப்புகிறீர்கள். அவற்றில் செரிமானத்தைத் தாமதப்படுத்தும் நார்ச்சத்தோ புரதமோ இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருக்கிறது. ஆகவே குளுக்கோஸ் ஒரே வீச்சில் ரத்தத்தில் ஏறுகிறது. கணையம் அதற்கேற்ப இன்சுலினைச் சுரக்கிறது. உள்ளே வந்த குளுக்கோஸ் விரைவில் தீர்ந்துபோன பிறகும் இன்சுலினின் வேலை ஓயாமல் தொடர்கிறது. இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் சர்க்கரை இறங்குகிறது. எட்டு மணிக்குச் சாப்பிட்டவருக்குப் பதினொரு மணி என்பது இந்தக் கணக்கில் சரியாக விழுகிறது. அப்போது மிட்டாய் சாப்பிட்டால் அதே கதை சிறிய அளவில் மீண்டும் தொடங்குகிறது. இதில் காபிக்கும் பங்கு உண்டு. அதிலுள்ள காஃபீன் என்ற பொருள் அட்ரினலினைக் கூட்டுவதால், சர்க்கரை பெரிதாக இறங்காமல் இருக்கும்போதே நடுக்கத்தையும் படபடப்பையும் அது அதிகப்படுத்திக் காட்டும்.

எனவே இறங்கிய சர்க்கரையை ஏற்றுவதில் செலுத்தும் அக்கறையை, அது வேகமாக ஏறாமல் பார்த்துக்கொள்வதில் செலுத்துங்கள். அதற்கான முதல் இடம் காலை உணவு. இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன், ஏனென்றால் இதே தொல்லையோடு வரும் இளைஞர்களில் பலருக்குக் காலை உணவைச் சரிசெய்வது ஒன்றே போதுமானதாக இருப்பதைத் தொடர்ந்து பார்க்கிறேன். காலை உணவில் புரதம் கட்டாயம் இருக்கட்டும். 15 முதல் 20 கிராம் வரை இருந்தால் நல்லது. இரண்டு முட்டைகளில் ஏறத்தாழ 12 கிராமும், ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 8 கிராமும் கிடைத்துவிடும். முட்டை சாப்பிடாதவர் என்றால் ஒரு கிண்ணம் வேகவைத்த பருப்போ கொண்டைக்கடலையோ, அதோடு தயிரோ எடுத்துக்கொள்ளலாம். மாவுச்சத்தை நீக்க வேண்டியதில்லை. அது முழுத் தானியமாக இருக்கட்டும். தவிடு நீக்காத ஓட்ஸ், முழுக் கோதுமை, சிறுதானியம் எதுவானாலும் சரி, அதன் அளவு உங்கள் கைப்பிடிக்குள் அடங்கட்டும். பருப்பு வகைகளுக்கு இன்னொரு நற்குணமும் உண்டு. காலையில் பருப்பைச் சாப்பிட்டால், மதியம் சாப்பிடும் உணவுக்குப் பிறகு ஏறும் சர்க்கரைகூடச் சற்று மட்டுப்படுகிறது.

காலையில் எதுவும் இறங்குவதில்லை, பசியே எடுப்பதில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். எழுந்தவுடன் சாப்பிட வேண்டும் என்பதில்லை. எட்டு மணிக்குப் பாலோ தயிரோ அருந்திவிட்டு, ஒன்பதரை மணிக்கு வேலையிடத்தில் மீதியைச் சாப்பிட்டாலும் பலன் கிடைக்கும். வெறும் வயிற்றில் சர்க்கரை போட்ட காபி என்ற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காபி வேண்டுமென்றால் உணவோடு, சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக் குடியுங்கள்.

எட்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் ஆறு மணி நேர இடைவெளி இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு அது நீளம். மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டால், பத்தரை மணிக்குச் சிறு உணவு ஒன்று தேவைப்படும். ஒரு கைப்பிடி பாதாமோ வேர்க்கடலையோ, ஒரு ஆப்பிளும் கொஞ்சம் தயிரும், அல்லது ஒரு அவித்த முட்டை. நடுக்கம் வந்த பிறகு சாப்பிடுவதைவிட, வருவதற்கு அரை மணி நேரம் முன்னதாகச் சாப்பிடுவதே இதன் நோக்கம். ஆனால், இந்த இடை உணவு காலை உணவுக்கு மாற்றாகிவிடக் கூடாது. நாள் முழுதும் கொறித்துக்கொண்டே இருக்கும் பழக்கமாகவும் மாறக் கூடாது. அப்படி மாறினால் எடை கூடும், அது வேறு சிக்கலுக்கு வழிவகுக்கும்.

மதிய உணவிலும் இரவு உணவிலும் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, மீன், முட்டை, இறைச்சி போன்ற புரதம், மீதிக் கால் பங்கு சோறோ ரொட்டியோ என்ற கணக்குப் போதும். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால், அதே உணவு அதே அளவில் இருந்தும் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத உபாயம் என்பதால் இதை நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள். சாறாகப் பிழிந்தால் நார்ச்சத்து பிரிந்துவிடுகிறது. மூன்று நான்கு பழங்களின் சர்க்கரை ஒரே குவளையில் அடங்கி, சில நிமிடங்களில் உள்ளே போய்விடுகிறது. குளிர்பானங்களைப் பற்றித் தனியே எழுதத் தேவையில்லை, 330 மி.லி. கேன் ஒன்றில் 35 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருப்பது வழக்கம் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும்.

கிளைசீமிக் இன்டெக்ஸ் பட்டியலைப் பார்த்து உணவைத் தேர்ந்தெடுக்கலாமா என்று பலரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். டொரொண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981இல் அறிமுகப்படுத்திய அளவுகோல் அது. குளுக்கோஸை 100 என்று வைத்து, மற்ற உணவுகள் சர்க்கரையை எவ்வளவு வேகமாக உயர்த்துகின்றன என்பதை ஒப்பிடுகிறது. பயனுள்ளதுதான். ஆனால், அந்த எண்கள் ஒவ்வோர் உணவையும் தனியாகச் சாப்பிட்டால் என்ன நடக்கும் என்பதைக் காட்டுபவை. நாம் சோற்றைத் தனியாகச் சாப்பிடுவதில்லை. கூடவே சாப்பிடும் பருப்பும் காயும் எண்ணெயும் அதன் வேகத்தை மாற்றிவிடுகின்றன. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடத் தட்டைக் கவனிப்பது எளிது.

இதற்கு நேர் எதிரான தவற்றையும் செய்துவிடாதீர்கள். சர்க்கரைதான் எதிரி என்று முடிவுகட்டி, மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும் உணவுமுறைக்குத் தாவுவது, வேளைக்கணக்கில் பட்டினி கிடப்பது இரண்டும் உங்களுக்கு இப்போது ஏற்றவை அல்ல. மாவுச்சத்தை நீண்ட நாள் ஒதுக்கிவைத்தவர், ஒருநாள் திடீரென்று நிறையச் சாப்பிடும்போது உடல் அதைக் கையாளத் தடுமாறும். எடையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் நீங்கள் காலை உணவைத் தவிர்த்து வந்தீர்கள் என்றால், அதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்; சிகிச்சையின் திசையே அதைப் பொறுத்து மாறக்கூடும்.

உடற்பயிற்சியை விட வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் செய்யாமல், முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்றால் முன்னதாக ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுச் செய்யுங்கள். மது அருந்துபவர் என்றால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கல்லீரல் மதுவை எரிக்கும் வேலையில் இருக்கும்போது புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும் அதன் திறன் முடங்குகிறது. சாப்பிடாமல் குடிப்பவருக்குச் சில மணி நேரம் கழித்து, தூக்கத்திலேயேகூடச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்; பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

நடுக்கம் வந்துவிட்டால் என்ன செய்வது? அளந்து பார்க்க மீட்டர் இருந்தால் அளந்துவிட்டு, 15 கிராம் அளவுக்கு விரைவாகச் செரிக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கிராம் குளுக்கோஸ் மாத்திரை நான்கு, அல்லது அரைக் குவளைப் பழச்சாறு, அல்லது தண்ணீரில் கரைத்த மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை. 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். சரியாகவில்லை என்றால் மீண்டும் அதே அளவு. சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்திவிடும். இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்திருக்கும். உங்களிடம் விடுபட்டிருப்பது இதற்கு அடுத்த படி: சரியானதும் அடுத்த அரை மணி நேரத்துக்குள் புரதமும் முழுத் தானியமும் சேர்ந்த ஏதாவது ஒன்றைச் சாப்பிட வேண்டும். அதைச் செய்யாததால்தான் ஒரு மணி நேரத்தில் மறுபடி நடுக்கம் வருகிறது. அறிகுறி இருக்கும்போதும், அது மறைந்து சிறிது நேரம் வரையிலும் வண்டி ஓட்டாதீர்கள். கூட வேலை செய்பவர் ஒருவரிடமாவது இதைச் சொல்லி வையுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி, உணவை மாற்றிப் பார்த்துக் காத்திருக்கக் கூடாத சூழ்நிலைகள். சாப்பிட்ட பிறகு வரும் தொல்லையைப் பற்றித்தான் இதுவரை எழுதினேன். காலையில் கண் விழிக்கும்போதோ, நடு இரவிலோ, உண்ணாதிருக்கும் வேளையிலோ அறிகுறிகள் வந்தால், குழப்பமோ மயக்கமோ வலிப்போ ஏற்பட்டால், அறிகுறியோடு அளவு 55க்குக் கீழ் இருந்தால், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலினைக் கட்டுப்பாடின்றிச் சுரக்கும் கணையக் கட்டி, அட்ரினல் சுரப்பிக் குறைபாடு, கல்லீரல் அல்லது சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றை அப்போது தேட வேண்டியிருக்கும். அந்தக் கட்டி பத்து லட்சம் பேரில் ஓராண்டுக்கு ஒரு சிலருக்கே வருவது. ஆகவே அதை எண்ணித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காரணம் தெரியாமல் எடை குறைவதும், தோல் கறுத்து வருவதும், எப்போதும் சோர்வாக இருப்பதும் அட்ரினல் குறைபாட்டை நினைவூட்டும் அறிகுறிகள். உங்கள் வீட்டில் நீரிழிவு மாத்திரைகள் இருப்பதால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: தலைவலிக்கோ வேறெதற்கோ அந்த அலமாரியில் இருந்து நீங்கள் மாத்திரை எடுப்பதுண்டா? மாத்திரை மாறி விழுங்கி மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு.

அளவு இயல்பாகவே இருந்து, அறிகுறி மட்டும் வந்தால் அதையும் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. ரத்தசோகை, தைராய்டு மிகையாகச் சுரத்தல், தூக்கக் குறைவு, பதற்ற நோய் ஆகியவையும் இதே நடுக்கத்தையும் படபடப்பையும் தரும். எனவே ஹீமோகுளோபினையும் தைராய்டையும் சேர்த்துப் பரிசோதித்துவிடுவது நல்லது. குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனையை இதற்காகக் கேட்டு வாங்காதீர்கள். நலமாக இருப்பவர்கள் சிலருக்கும் அதில் சர்க்கரை தாழ்ந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். வழக்கமான உணவைச் சாப்பிட்ட பின் அளப்பதே நம்பகமானது.

நீரிழிவாக மாறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். சாப்பிட்ட பின் வரும் தாழ்சர்க்கரை தானாக நீரிழிவாக மாறுவதில்லை. ஆனால், சிலரிடம், இன்சுலின் சரியான நேரத்தில் சுரக்காமல் தாமதமாகவும் மிகையாகவும் சுரப்பது நீரிழிவுக்கு முந்தைய கட்டத்தின் அடையாளமாக இருப்பதுண்டு. தந்தைக்கு நீரிழிவு இருப்பதால் உங்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். ஹெச்பிஏ1சி 5.7 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் முன்நீரிழிவு. மேலே சொன்ன உணவுமுறை அந்தக் கட்டத்துக்கும் பொருந்தும் என்பதால், முடிவு எதுவானாலும் நீங்கள் தொடங்கப்போவது ஒரே இடத்தில்தான்.

இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு அறிகுறி வந்தது, அப்போது அளவு என்ன, முந்தைய இரவு எவ்வளவு தூங்கினீர்கள். மருத்துவரைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுசெல்லுங்கள். பல பரிசோதனைகளை அது தேவையற்றதாக்கும்.

மிட்டாய் பையில் இருக்கட்டும். அதற்குப் பதிலாகக் குளுக்கோஸ் மாத்திரை வைத்திருந்தால் இன்னும் நல்லது, எத்தனை கிராம் உள்ளே போகிறது என்று தெரியும். ஆனால், அதன் பக்கத்திலேயே ஒரு சிறு டப்பாவில் வேர்க்கடலையோ பாதாமோ போட்டு வைத்து, பத்தரை மணிக்கு அந்த டப்பாவை முதலில் திறந்துவிடுங்கள்.